பெயருள்ள பதிவேடு: தகவல் அறியும் உரிமையில் தொழில்நுட்பமும் தனியுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

அரசு காட்டும் செலவுக் கணக்கு உண்மையானதா என்பதைப் பொதுமக்கள் சோதித்தறியப் பயனாளிகளின் பெயர் இடம்பெற்ற பதிவேடு இன்றியமையாதது. இந்தியாவில் தகவல் அறியும் உரிமைக்கான மக்கள் இயக்கம், அத்தகைய பதிவேடுகளை ஊரார் முன் படித்துக் காட்டிய கூட்டங்களிலிருந்து வலுப்பெற்றது. கணினிமயமாக்கம் அப்பதிவேடுகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதால், பெயர்களைத் தொடர்ந்து வெளியிடலாமா என்னும் ஐயம் எழுந்துள்ளது. இவ்வையத்துக்குரிய விடை அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் உள்ளது என்பதையும், அவ்விடை செயல்பட எவை தேவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தகவல் அறியும் உரிமை, சமூகத் தணிக்கை, தாமாக முன்வந்து வெளியிடுதல், தனியுரிமை, வருகைப் பதிவேடு, கணினிமயமாக்கம்.

முன்னுரை

அரசின் பொறுப்புடைமை பற்றிய ஆய்வுகளில் 'வெளிப்படைத்தன்மை' என்னும் சொல் பெரும்பாலும் அளவைக் குறிப்பதாகவே ஆளப்படுகிறது. எத்தனை துறைகள் இணையதளம் தொடங்கின, எத்தனை திட்டங்களின் புள்ளிவிவரம் வெளியாகிறது என்பன அளவுகோல்களாகின்றன. வெளியான தகவலைக் கொண்டு குடிமக்கள் எதைச் சரிபார்க்க முடியும் என்னும் வினா பின்னுக்குச் செல்கிறது.

ஓர் ஊராட்சியில் கடந்த ஆண்டு இத்தனை ஆயிரம் மனித நாள்கள் வேலை நடந்தது என்பது ஒரு தகவல். அவ்வேலையில் இன்னார் இத்தனை நாள் உழைத்து இவ்வளவு கூலி பெற்றார் என்பது மற்றொரு தகவல். முன்னதை ஊரார் நம்பலாம் அல்லது ஐயுறலாம், சோதிக்க வழியில்லை. பின்னதை அந்தத் தெருவில் வாழும் எவரும் சோதிக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

உரிமை உருவான இரு வழிகள்

இந்தியாவில் தகவல் அறியும் உரிமை இரு வழிகளில் உருவானது. முதல்வழி நீதிமன்றத்தினுடையது. 1975-இல் உத்தரப்பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில், பொது அலுவலர்கள் பொதுப்பணியாகச் செய்யும் ஒவ்வொன்றையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் கூறியது. எஸ்.பி. குப்தா வழக்கின் தீர்ப்பு, அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) உறுப்பு தரும் பேச்சுரிமையினுள் அறியும் உரிமையும் அடங்கும் என விளக்கியது.

இரண்டாம் வழி சிற்றூர்களில் தொடங்கியது. இராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்தில் 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பு நிறுவப்பட்டது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப்பணியைத் துறந்து சிற்றூர்ப் பணிக்குச் சென்ற அருணா ராய் அதன் நிறுவனர்களுள் ஒருவர். வறட்சி நிவாரணப் பணிகளில் உழைத்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்காததே இவ்வமைப்பு எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல். உரிய கூலி கேட்டவர்களுக்கு, அவர்கள் செய்த வேலையின் அளவு பதிவேட்டில் குறைவாக உள்ளது என்னும் விடையே கிடைத்தது. பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டபோது, அது அரசு ஆவணம் என மறுக்கப்பட்டது. கூலிக்கான போராட்டம் ஆவணத்துக்கான போராட்டமாக மாறியது இவ்வாறுதான்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. 1996-இல் ஆவணங்களின் ஒளிநகலைப் பெறும் உரிமை கோரி பியாவர் நகரில் நாற்பது நாள் மறியல் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு தகவல் அறியும் உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றி இத்துறையில் முன்னோடி மாநிலமாயிற்று. எனினும் அச்சட்டம் விலக்குகள் மிகுந்ததாக இருந்தது. நடுவண் அரசின் 2002-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005-இல் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

பதிவேட்டைப் படித்தல் என்னும் முறை

மக்கள் விசாரணைக் கூட்டங்களின் செயல்முறை எளியது. ஊராட்சியின் வருகைப் பதிவேடு, பொருள் கொள்முதல் பற்றுச்சீட்டு, பணி நிறைவுச் சான்று ஆகியவை ஊரார் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்படும். பதிவேட்டில் பெயருள்ளவர் எழுந்து, தாம் வேலை செய்ததையோ செய்யாததையோ கூறுவார். வெளியூருக்குப் பிழைக்கச் சென்றவர் பெயரிலும் இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தவை இவ்வாறு வெளிப்பட்டன. 2001-இல் ராஜ்சமந்த் மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில் நடந்த கூட்டத்தில், கணக்கில் முடிந்துவிட்டதாகக் காட்டப்பட்ட பணிகள் பல நிலத்தில் இல்லவே இல்லை என்பது தெரியவந்தது.

இம்முறையின் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது கருதத்தக்கது. தணிக்கையாளர் தாளையும் தாளையும் ஒப்பிடுகிறார். பதிவேட்டின் கூட்டுத்தொகை வங்கிக் கணக்கோடு பொருந்தினால் அவர் பணி நிறைவுறுகிறது. ஊரார் தாளையும் வாழ்வையும் ஒப்பிடுகின்றனர். அந்த வாரம் யார் நோயுற்றுக் கிடந்தார், யார் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தார் என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் இராது; ஊர் நினைவில் இருக்கும். அந்நினைவைப் பதிவேட்டோடு இணைக்கும் ஒரே கண்ணி பெயர். பெயரை நீக்கிவிட்டுத் தொகையை மட்டும் படித்திருந்தால், அக்கூட்டங்களில் எழுந்து நின்று பேச எவருக்கும் எதுவும் இருந்திராது.

2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இம்முறைக்குச் சட்ட வடிவம் தந்தது. அதன் 17-ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்றும், வருகைப் பதிவேடு, பற்றுச்சீட்டு, அளவைப் புத்தகம், ஒப்பளிப்பு ஆணையின் நகல் ஆகியவற்றை ஊராட்சி அதன்முன் வைக்க வேண்டும் என்றும் வகுத்தது. 2011-ஆம் ஆண்டின் தணிக்கை விதிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் இத்தணிக்கை நிகழ வழிசெய்தன. 2017-இல் மேகாலயம் அரசின் பல்வேறு நலத்திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையை விரிவுபடுத்தித் தனிச்சட்டம் இயற்றியது.

4-ஆம் பிரிவின் நோக்கம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுவாக மனுவோடு இணைத்தே அறியப்படுகிறது. மனு அளித்தல், முப்பது நாளில் விடை பெறுதல், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்தல் என்பதே மக்கள் அறிந்த வடிவம். ஆயின் சட்டத்தின் கட்டமைப்பில் மனுவுக்குரிய 6-ஆம் பிரிவுக்கு முன்பே 4-ஆம் பிரிவு அமைந்துள்ளது. ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, கணினிமயமாக்கி, நாடு முழுவதும் வலைப்பின்னலால் இணைக்க வேண்டும் என்பது அதன் முதற்கூறு. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தாமாக முன்வந்து வெளியிட வேண்டிய பதினேழு இனங்களை அதன் இரண்டாம் கூறு பட்டியலிடுகிறது. மக்கள் மனு அளிக்க வேண்டிய தேவையே மிகக் குறைவாக இருக்கும்படி தகவலைத் தொடர்ந்து வெளியிட முயல வேண்டும் என 4(2) கூறுகிறது. உள்ளூர் மொழியிலும், அந்தப் பகுதிக்கு மிகப் பயனுள்ள தொடர்பு முறையிலும் தகவல் பரவ வேண்டும் என்பது 4(4)-இன் வரையறை. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் ஆகிய அனைத்தையும் அது வழிகளாக ஏற்கிறது.

பதினேழு இனங்களுள் இரண்டு இக்கட்டுரைக்கு முதன்மையானவை. மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை, ஒதுக்கப்பட்ட தொகை, அத்திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரம் ஆகியவற்றை 12-ஆம் இனம் கோருகிறது. அரசு வழங்கும் சலுகை, அனுமதி, உரிமம் ஆகியவற்றைப் பெற்றவர்களின் விவரத்தை 13-ஆம் இனம் கோருகிறது. பெயருள்ள பதிவேடு வெளிவர வேண்டும் என்னும் கடமை, எவரும் மனு அளிக்கும் முன்னரே சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது என்பது இதனால் விளங்கும்.

தொழில்நுட்பம் தந்ததும் தராததும்

இக்கடமையைப் பெருமளவில் நிறைவேற்றக் கணினியே வழிசெய்தது. ஊரக வேலைத் திட்டத்துக்கெனத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருள், ஊராட்சி அளவிலான வருகைப் பதிவேட்டைத் தொழிலாளரின் பெயர், வேலை நாள், கூலி ஆகியவற்றோடு இணையத்தில் எவரும் காணச் செய்தது. பியாவரில் நாற்பது நாள் மறியலிருந்து கோரிய ஆவணம், பத்தாண்டுகள் சில கடந்தபின் கணினித் திரையில் கேட்பாரின்றிக் கிடைக்கலாயிற்று. 2019 செப்டம்பரில் இராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம் 4(2) பிரிவின் நேரடிச் செயலாக்கம். குடிமக்கள் அமைப்புகளுடன் கலந்துரையாடி வடிவமைக்கப்பட்ட இத்தளம், நியாயவிலைக் கடை வழங்கல், ஓய்வூதியம் முதலிய பல திட்டங்களின் தகவலை ஊர் அளவில் ஒரே இடத்தில் தருகிறது.

தொழில்நுட்பத்தின் எல்லையும் இதே துறையில் வெளிப்பட்டுள்ளது. 2023 ஜனவரி முதல் ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களில் கைப்பேசிச் செயலி வழியே வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. நேரமும் இடமும் பதிந்த ஒளிப்படத்தை நாளுக்கு இருமுறை ஏற்ற வேண்டும். முறைகேட்டை இது தடுக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும், பணிக்குத் தொடர்பற்ற படங்கள் ஏற்றப்படுவதையும், முன்பே எடுத்த படத்தையே மீண்டும் படம்பிடித்து ஏற்றுவதையும் நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை வழியே சுட்டிக்காட்ட நேர்ந்தது. படத்தைப் பொறி பெற்றுக்கொள்ளும். படத்தில் நிற்பவர் பதிவேட்டில் உள்ளவர்தாமா என்பதை அவரை அறிந்தவரே கூற முடியும்.

எனவே தொழில்நுட்பம் இரு திசைகளில் செயல்படுகிறது. கீழிருந்து மேலே தகவலைத் திரட்டித் தலைமை அலுவலகத்துக்குக் காட்டுவது ஒரு திசை. வண்ண வரைபடங்களும் கூட்டுத்தொகைகளும் நிறைந்த தகவல் பலகைகள் இத்திசைக்குரியவை. மேலிருந்து கீழே பதிவேட்டை ஊருக்குத் திருப்பித் தருவது மற்றொரு திசை. முன்னது மேலாண்மைக்கு உதவும். பின்னதிலிருந்தே பொறுப்புடைமை பிறக்கும். ஆங்கிலத்தில் அமைந்த அட்டவணைகளைப் பல அடுக்குகள் கடந்து தேடிக் காண வேண்டிய நிலை, வெளியீடு நிகழ்ந்த பின்னும் ஊருக்கும் பதிவேட்டுக்கும் இடையில் தொலைவை நிலைநிறுத்துகிறது. பயனாளிகளின் பெயரையும் தொகையையும் ஊர்ச்சுவரில் எழுதிவைக்கும் வழக்கம் கணினிக் காலத்திலும் பொருளிழக்காமல் இருப்பது இதனால்தான்.

8(1)(ஜே) பிரிவின் திருத்தம்

தனிப்பட்ட தகவலை எப்போது மறுக்கலாம் என்பதை 8(1)(ஜே) பிரிவு வரையறுக்கிறது. 2005-ஆம் ஆண்டு வடிவில் மறுப்புக்கு நிபந்தனைகள் இருந்தன. கோரப்படும் தகவல் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும், அல்லது அதன் வெளியீடு தனியுரிமையில் தேவையற்ற ஊடுருவலாக அமைய வேண்டும். அப்போதும், பெரும் பொதுநலன் இருப்பதாகத் தகவல் அலுவலர் கருதினால் வெளியிடலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க இயலாத தகவலை எந்த ஒருவருக்கும் மறுக்கலாகாது என்னும் தொடரும் இணைக்கப்பட்டிருந்தது.

2017-இல் கே.எஸ். புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2019 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் அலுவலகத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்படுத்திய தீர்ப்பில், இவ்விரு உரிமைகளையும் ஒவ்வொரு நேர்விலும் எடைபோட்டு முடிவுசெய்ய வேண்டும் என அரசமைப்பு ஆயம் விளக்கியது. தனியுரிமை அடிப்படை உரிமையான பின்னரும் பழைய வாசகம் செயல்படத்தக்கதாகவே இருந்தது என்பதற்கு இத்தீர்ப்பு சான்றாகும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இந்நிபந்தனைகள் அனைத்தையும் நீக்கி, தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல் என்னும் சுருங்கிய தொடரை மட்டும் எஞ்சவிட்டது. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மாற்றுவழி இல்லாமலில்லை. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் முன்வைத்த வரைவு, வெளியீட்டால் ஒருவருக்கு விளையும் தீங்கு பொதுநலனைவிட மிகும்போது மட்டும் தகவலை மறுக்கலாம் என எடைபோடும் முறையைப் பேணியிருந்தது. நிறைவேறிய சட்டம் அதை ஏற்கவில்லை.

திருத்தத்தின் விளைவு அலுவலகத்தின் அன்றாடத்தில்தான் மிகுதியாக உணரப்படும். பழைய வாசகத்தின்படி, தகவலை மறுக்கும் அலுவலர் அத்தகவல் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பற்றது என எண்பிக்க வேண்டும். புதிய வாசகத்தில், தகவலில் ஒருவர் பெயர் இருப்பதே மறுப்புக்குப் போதிய காரணமாகக் காட்டப்படலாம். பொதுநலன் தீங்கைவிட மிகுந்திருப்பின் விலக்குப் பெற்ற தகவலையும் வெளியிடலாம் எனக் கூறும் 8(2) பிரிவு தொடர்கிறது என்பது உண்மை. எனினும் பொதுநலனைப் பற்றிய ஆய்வு அந்தப் பிரிவின் பகுதியாக இருந்த நிலை மாறி, தனியே எழுப்பி நிறுவ வேண்டிய வாதமாகிவிட்டது. வருகைப் பதிவேட்டின் நகலை வேண்டும் கூலித் தொழிலாளரால் அவ்வாதத்தை எளிதில் எழுப்ப இயலாது.

இரு சட்டங்களையும் இணைத்து வாசித்தல்

இந்நிலையில் இரு சட்டங்களின் வாசகங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நடைமுறையிலுள்ள ஏதேனும் ஒரு சட்டம் விதிக்கும் கடமையின்படி பொதுவெளியில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது எனக் கூறுகிறது. பயனாளிகளின் விவரத்தை வெளியிடும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் 12, 13-ஆம் இனங்கள் விதிக்கின்றன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வினங்களைத் தொடவில்லை. ஆகவே பயனாளர் பட்டியலைத் தாமாக முன்வந்து வெளியிடும் அமைப்பு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவதாகாது.

இவ்வாசிப்புக்கு ஒரு மறுப்பு உண்டு. 8(1) பிரிவு, இச்சட்டத்தில் வேறெங்கு எது கூறப்பட்டிருப்பினும் எனத் தொடங்குவதால், 4-ஆம் பிரிவையும் அது விஞ்சும் என வாதிடலாம். அதற்கு விடை அப்பிரிவின் வாசகத்திலேயே உள்ளது. குடிமகன் எவருக்கும் தகவலைத் தரும் கடமை இல்லை என்றே அது கூறுகிறது. அது கோரிக்கைக்கு விடையளிக்கும் சூழலுக்கு இயைந்த மொழி. பொதுவெளியீடு வேறு கடமை. மேலும், 8(1)(ஜே) பிரிவைத் திருத்திய நாடாளுமன்றம் 12-ஆம் இனத்தை அப்படியே விட்டிருக்கையில், அவ்வினத்தை உயிரற்றதாக்கும் பொருள்கோள் ஏற்கத்தக்கதன்று. இதனை இறுதியாகத் தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. அதுவரை இரண்டும் ஒருங்கே நிற்கும் பொருளே கொள்ளத்தக்கது.

வெளியீட்டின் எல்லையும் வரையறுக்கப்பட வேண்டும். சரிபார்ப்புக்குத் தேவையானவை பெயர், குடியிருப்பு, பணி, நாள், தொகை ஆகியவை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை ஊரார் சரிபார்ப்புக்குச் சிறிதும் உதவாதவை, மோசடிக்கே உதவுபவை. இவற்றை மறைத்து எஞ்சியதைத் தரும் வழியை 10-ஆம் பிரிவு ஏற்கெனவே வகுத்துள்ளது. பெயரே தீங்கு விளைவிக்கும் திட்டங்களும் உள்ளன. எச்.ஐ.வி. தொற்றுடையோர் நிலையை வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவது அதற்குச் சான்று. அத்தகைய திட்டங்களில் கூட்டுத்தொகையோடு நிற்பதே முறை. ஏழையின் கூலிக் கணக்கைக் காக்கும் பெயரால் ஒப்பந்ததாரரின் பற்றுச்சீட்டையும் மூடுவதற்குத் தனியுரிமை கருவியாகிவிடக் கூடாது.

முடிவுரை

திருத்தத்துக்குப் பின் பெயருள்ள பதிவேட்டை நோக்கிய வழிகளுள் மனுவழி குறுகியுள்ளது, வெளியீட்டுவழி திறந்துள்ளது. ஆனால் திறந்துள்ள வழிக்குக் காவல் இல்லை. மனுவுக்கு உரிய காலத்தில் விடை தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க 20-ஆம் பிரிவு இடமளிக்கிறது. 4-ஆம் பிரிவின்படி வெளியிடத் தவறும் அமைப்புக்கு அத்தகைய தண்டம் எதுவுமில்லை. மாநிலத் தகவல் ஆணையங்களும் நடுவண் ஆணையமும் குறிப்பிட்ட வகைத் தகவல்களை வெளியிடுமாறு ஆணையிடும் அதிகாரத்தை 19(8) பிரிவு தருகிறது. இதுவரை துணைநிலையில் இருந்த இவ்வதிகாரம் இனி முதன்மை பெற வேண்டும்.

இணையத்தில் ஏறிய பதிவேட்டை ஓர் உத்தரவால், சில நொடிகளில், நாடு முழுவதும் ஒருசேர மறைத்துவிட முடியும். அலமாரியில் பூட்டிய பதிவேட்டைக் கேட்டு மறியலிருந்தவர்கள் அது அங்கே இருப்பதையேனும் அறிந்திருந்தனர். திரையிலிருந்து பெயர் நீங்கும்போது, நீங்கியது எது என்பதையும் ஊர் அறியாது. 4-ஆம் பிரிவின் கடமையைத் துறைவாரியாக, ஊர்மொழியில், பெயரோடு நிறைவேற்றச் செய்வதே இவ்விழப்பைத் தடுக்கும் வழி.